வீட்டாள் ஒருவர், வெளியாள் ஒருவர்

கோயம்புத்தூர்
14.3.2024

அன்புள்ள பெல்சி,

தைராய்டு மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா? அப்பாவின் முப்பதாம் நாள் பூசையன்று உன் முகம் வீங்கியிருந்தது. எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வேறு தொந்தரவில்லை.

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம். போன வாரம் நீ பாதியில் வைத்த பிறகு என் அழைப்பு உன் எண்ணுக்குப் போவதே இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது.

பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, கண்டனூரில் நம் புஞ்சைக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் சின்னச்சாமி எனக்கு அடுத்த இலையில் இருந்தார். "ஆத்தா, ஒங்க அய்யா உயிலுக்கு நான்தான சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல மனுசன்" என்றார். எந்த உயில் என்று கேட்டேன். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த உன் கணவர் ஆனந்த், வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்கு வயசாகிருச்சு மதினி, எதையாச்சும் பேசுவாரு" என்றார். சின்னச்சாமி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவருக்கு ஆனந்தைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும்.

அப்பா உயில் எழுதினாரா? எழுதியிருந்தால் அது எங்கே? அவருடைய இறப்புச் சான்றிதழில் ஒரு நகல் அனுப்பு. பதிவான உயில் என்றால், அதைக் காட்டினால் பதிவு அலுவலகத்தில் பிரதி தருவார்களாம்.

அம்மாவின் ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வருடம் அப்பா என்னிடம் முகம் பார்த்துப் பேசவில்லை. என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் தாங்கிக்கொள்வேன். அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பெனோவை நன்றாகப் படிக்கச் சொல்.

ரீனா


காரைக்குடி
3.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புனித வாரத்தில் மனக்கசப்போடு எழுத வேண்டாமென்று ஈஸ்டர் கழியட்டும் என்றிருந்தேன். உப்பைக் குறைத்துக்கொள். தனியாக இருக்கிறாய், மயக்கம் வந்தால் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. எனக்கு மாத்திரை அளவை ஏற்றியிருக்கிறார்கள். பெனோவுக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இளைத்துவிட்டான்.

உயில் எதுவும் இல்லை அக்கா. பீரோவை முழுதும் கொட்டிப் பார்த்துவிட்டேன். அப்பாவின் பென்ஷன் புத்தகம், அம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழ், நம் இரண்டு பேருடைய பள்ளிக்கூட மார்க் ஷீட்டுகள், இவ்வளவுதான் இருக்கின்றன. சின்னச்சாமி அண்ணன் வேறு எதையோ நினைத்துச் சொல்லியிருப்பார்.

பெனோ அப்பா நல்ல யோசனைதான் சொல்கிறார். "இருக்கிறதே ஒரு வீடு, ஒண்ணேகால் ஏக்கர் புஞ்சை. வீட்டுல பாதி, புஞ்சையில பாதின்னு அக்கா தங்கச்சி பேருக்குப் போட்டுருவோம். பெறகு உக்காந்து பேசி மாத்திக்கிட்டாப் போகுது" என்கிறார். மோட்டார் கடையைப் பூட்டிவிட்டு இதற்காக இரண்டு நாள் அலைந்திருக்கிறார். பாகப்பிரிவினைப் பத்திரம் தயாராகிறது. மே லீவில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன்.

உனக்காக ஜெபிக்கும்
பெல்சி


கோயம்புத்தூர்
10.4.2024

அன்புள்ள பெல்சி,

மாத்திரை அளவை ஏற்றியதற்கு இரத்தப் பரிசோதனை செய்தார்களா, பார்த்த மாத்திரத்தில் எழுதிக் கொடுத்தார்களா? கேட்டு எழுது. நான் உப்பைக் குறைத்துவிட்டேன்.

உயில் இல்லை என்கிறாய். அதற்கு அடுத்த வரியில் பீரோவில் என்ன இருந்தது என்று எழுதுகிறாய். பீரோவில் இல்லாத உயில் வேறு இடத்தில் இருக்கலாம். பாதிப் பாதி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயத்துக்காகக் கடையை இரண்டு நாள் பூட்டும் ஆனந்தை நான் இதுவரை பார்த்ததில்லை. உயில் உண்டா என்று தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன். சான்றிதழ் இன்னும் வரவில்லை.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் அப்பா பிப்ரவரி ஐந்தாம் தேதியிலிருந்து இருந்தார் என்பது எனக்கு அடக்கத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ ஒன்பதாம் தேதி காலையில் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. இடையில் அவர் நினைவோடு இருந்தாரா? என்னைக் கேட்டாரா என்று உன்னிடம் கேட்கவில்லை. பேசினாரா என்று மட்டும் சொல்.

ரீனா


காரைக்குடி
24.5.2024

அக்காவுக்கு,

வெயிலில் எனக்கு உடம்பே சரியில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், உங்கள் ஊரில் காற்றாவது வரும்.

சான்றிதழை லேமினேட் செய்யக் கொடுத்தோம். கடைக்காரர் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார்.

அப்பா நினைவில்லாமல்தான் கிடந்தார். பேசவில்லை.

இப்படி விசாரணைக் கமிஷன் மாதிரி கேள்வி கேட்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா? கடைசி ஒரு வருடம் அவருக்குப் பீ, மூத்திரம் அள்ளியது நான். நீ வருடத்துக்கு இரண்டு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தாய். அம்மாவை அறுக்க வேண்டாம் என்று அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நீ படித்தவள், மதுரை டாக்டரோடு இங்கிலீஷில் பேசினாய், உன் பேச்சுத்தான் நடந்தது. அம்மா மேஜையிலேயே போய்விட்டாள். இதிலும் உன் பேச்சுத்தான் நடக்க வேண்டுமா?

பாகப்பிரிவினைக்கு எந்தத் தேதியில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

பெல்சி


கோயம்புத்தூர்
12.6.2024

அன்புள்ள பெல்சி,

வெயில் இறங்கியிருக்கும். உடம்பு தேவலையா?

அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதையே எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

இறப்புச் சான்றிதழை நானே விண்ணப்பித்து வாங்கிவிட்டேன். காரைக்குடிப் பதிவு அலுவலகத்துக்கு வந்து தேடச் சொன்னேன், அப்பா பெயரில் உயில் பதிவாகவில்லை. அன்று மாலை பஸ் நிலையத்தில் நின்றபோதுதான், அப்பா சிங்கம்புணரிப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் கிளார்க்காக இருந்தது நினைவு வந்தது. முக்கியமான காகிதம் என்றால் பழகிய ஆளிடம் போவதுதான் அவர் வழக்கம். மறுநாள் அங்கே போனேன். பதிவு அலுவலகத்துக்கு எதிர்க் கடையில் கருத்தையா என்று ஒரு பத்திர எழுத்தர் இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "சூசைமரியான் சார் மக நீங்கதான? மூக்கே சொல்லுதே! எம்புட்டு நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு, ஒங்களப் பத்தி" என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "கோயம்புத்தூர்ல பெரிய காலேசுல இருக்கீகன்னு" என்று முடித்துவிட்டார்.

உயிலைப் பற்றிக் கேட்டதும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "நான் எழுதுனதுதேன். சாட்சிக்கு வீட்டாளு ஒருத்தரு, வெளியாளு ஒருத்தரு. நாப்பது வருசமா இப்பிடித்தான் எழுதுறேன். நாளைக்கு வீட்டுக்குள்ள சண்டை வந்தா வெளியாளு பேசுவாரு. வெளியாளு பொரண்டா வீட்டாளு பேசுவாரு. என் உயிலு ஒண்ணுகூட கோர்ட்டுல தோத்ததில்ல தெரிஞ்சுக்கங்க."

பிரதி கிடைத்தது. 17.10.2022-இல் பதிவாகியிருக்கிறது. காரைக்குடி வீடு உனக்கு. கண்டனூர்ப் புஞ்சை எனக்கு. சாட்சிகள் மரிய ஆனந்த், சின்னச்சாமி. என்னைப் பற்றி ஒரு வரியாவது இருக்குமென்று மூன்று முறை படித்தேன். "மூத்த மகள் ரீனா" என்று இருந்தது, அதற்குக் கீழே புஞ்சையின் நான்கு எல்லைகள் இருந்தன.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. முழு வீட்டையும் உனக்குக் கொடுக்கும் காகிதத்தை ஏன் மறைத்தாய்? மறைத்துவிட்டு, பாதி வீடு போதும் என்று ஏன் என்னை அழைத்தாய்? ஆனந்துக்குத் தெரியாது என்று சொல்லாதே, அவர் கையெழுத்து இருக்கிறது.

உடனே எழுது.

ரீனா


கோயம்புத்தூர்
29.6.2024

பெல்சி,

உன் பதில் வரவில்லை. இனி அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டியதில்லை.

எங்கள் கல்லூரியில் சட்டம் நடத்தும் ஆசிரியையிடம் பிரதியைக் காட்டினேன். சாட்சிகள் யார் என்று கேட்டார். ஒருவர் தங்கை கணவர் என்றேன். நீங்கள் கிறிஸ்தவர்கள்தானே என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். கிறிஸ்தவர் எழுதும் உயிலில், சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் மனைவிக்கோ எதை எழுதி வைத்தாலும் அந்தப் பகுதி செல்லாது. மற்றப் பகுதி செல்லும். இந்துக்களுக்கு இந்தத் தடை இல்லை. கருத்தையாவைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் உயில் எழுத வருகிறவர்களில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள்?

ஆக, புஞ்சை முழுதும் எனக்கு. உனக்கு எழுதிய வீடு, உயிலே இல்லாதது போல ஆகி, நம் இருவருக்கும் பாதிப் பாதி. உயிலை யாரும் பார்க்காவிட்டால் புஞ்சையிலும் உனக்குப் பாதி உண்டு. அதற்காக அப்பா எழுதிய ஒரே காகிதத்தை என் கண்ணில் படாமல் வைத்திருந்தாய்.

எனக்கு அவர் ஒன்றும் எழுதவில்லை என்றே நான் சாகும்வரை நினைத்திருப்பேன். அதைப் பற்றி நீ யோசித்தாயா?

ரீனா


காரைக்குடி
16.7.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்த அன்று முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ மாத்திரையைச் சரியாகப் போடுகிறாயா? கோபத்தில் பிரஷர் ஏறும்.

மறைத்தது உண்மை. திருட நினைக்கவில்லை. அப்பா காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வக்கீல் ஒருவர் இதைச் சொன்னார். கிணற்றில் விழுந்த மாதிரி இருந்தது. பாதிப் பாதி என்று எழுதிக்கொண்டு, வீட்டில் உன் பாதியை எனக்கு விடு, புஞ்சையில் என் பாதியை நீ எடுத்துக்கொள் என்று உன்னைக் கேட்கலாம் என்றிருந்தோம். கடைசியில் அப்பா எழுதினபடிதான் வந்து நின்றிருக்கும். எங்களிடம் அரைப் புஞ்சையாவது இருந்தால்தான் உன்னிடம் மாற்றிக் கேட்க வாய் இருக்கும். அதற்காகத்தான்.

ஏன் நேராகக் கேட்கவில்லை என்பாய். உன்னிடம் எதையாவது கேட்டு வாங்கி எனக்குப் பழக்கமே இல்லை. நீ தருவாய், ஆனால் தருவதற்கு முன்னால் பரீட்சை வைப்பாய்.

பெனோ அப்பா குதிக்கிறார். "ஒத்த ஆளு, மாசம் பொறந்தா சம்பளம், அவுகளுக்கு எதுக்கு இங்க பாதி வீடு? குறுக்க செவரு வச்சு எந்தப் பக்கம் அடுப்பு, எந்தப் பக்கம் கக்கூசு?" என்கிறார். அவர் பேச்சை விடு. இருபது வருடமாக இதில் இருக்கிறேன் அக்கா. நீ என்ன செய்யப் போகிறாய்?

பெல்சி


காரைக்குடி
31.8.2024

அன்புள்ள அக்கா,

ஆறு வாரமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்புக்கு ஏதுமா? கல்லூரிக்குப் போன் செய்து, வேலைக்கு வந்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டு, பெயர் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

நேற்று சின்னச்சாமி அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்று, "கையெழுத்துப் போட்டவன்ட்டயே போடலன்னு சொல்லச் சொன்னீகளே, இனிமே என்னைய எதுக்கும் கூப்புடாதீக" என்று பெனோ அப்பாவிடம் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேஸ் போடுவதானால் போடு. போடப்போகிறாய் என்றாவது எழுது. ஒன்றும் தெரியாமல் இருக்க முடியவில்லை.

பெல்சி


கோயம்புத்தூர்
23.9.2024

பெல்சி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ போன் செய்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள். பெயர் சொல்லாவிட்டாலும் அந்த ஊர்ப் பேச்சு தெரியாதா?

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. பாதி வீடு வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேண்டும் என்றுதான் பல நாள் தோன்றியது. இன்னும் பத்து வருடத்தில் இந்தக் கல்லூரிக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், பிறகு எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனந்த் சொன்ன குறுக்குச் சுவரைக்கூட மனத்துக்குள் கட்டிப் பார்த்தேன்.

ஆனால் அப்பா நினைத்தது அந்தக் காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. யாரைச் சாட்சி போடச் சொன்னார் என்பதில் பிசகிவிட்டார். அந்தப் பிசகில் எனக்குப் பாதி வீடு வருவதாக இருந்தால், அது அவர் கொடுத்ததாக இருக்காது. அவர் கொடுத்தது எனக்குப் போதும். வீட்டில் என் பாகத்தை உனக்கு விட்டுத் தருகிறேன். விடுதலைப் பத்திரம் தயாராகிறது. அக்டோபர் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, பதினோரு மணிக்குக் காரைக்குடிப் பதிவு அலுவலகத்துக்கு வந்துவிடு. சாட்சிகளை நான் அழைத்து வருகிறேன். இதைப் பெருந்தன்மை என்று யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

நீ சொன்னது சரி, பரீட்சை வைப்பது என் குணம். ஒரே ஒரு கேள்விதான். மறைத்தது இவ்வளவுதானா? வேறு ஏதும் இருந்தால் ஏழாம் தேதிக்கு முன்னால் எழுதிவிடு. எதுவாக இருந்தாலும் வருவேனா மாட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட விரும்புகிறேன்.

ரீனா


காரைக்குடி
12.10.2024

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? அன்று காலையில் ஏதாவது சாப்பிட்டிருந்தாயா? மாத்திரை போட்டிருந்தாயா? "மதினி, ஒரு காப்பியாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்று பெனோ அப்பா இரண்டு தடவை கூப்பிட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நீ போய்விட்டாய். பஸ் ஒன்றேகால் மணிக்கு என்று எனக்குத் தெரியும். அப்போது மணி பன்னிரண்டு.

உன் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. நீயும் அன்று திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். வீடு வேண்டியிருந்தது. இப்போது சொல்கிறேன். இப்போது சொல்வது எவ்வளவு கேவலம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

வக்கீல் சொன்னது அப்பா இறந்த பிறகில்லை. பிப்ரவரி ஆறாம் தேதி, அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பெனோ அப்பா உயிலைக் கொண்டுபோய்க் காட்டினார். செல்லாது, வேறு சாட்சிகளை வைத்துப் புதிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வக்கீலே டைப் அடித்துக் குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்பினார். ஏழாம் தேதி மத்தியானம் அப்பாவைத் தலையணை வைத்து உட்கார்த்தினோம். அவருக்கு நல்ல நினைவு இருந்தது. கண்ணாடி கேட்டு வாங்கி, முழுதும் தானே படித்தார். பிறகு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அதேதான இருக்கு. சரித்தான். ஆனா போன தடவ ரீனா இல்லாம எழுதுனதுதான் இப்பிடி ஆகிப்போச்சு. அதுக்கு ஒரு போனப் போடு. ரெண்டு பேரும் நிக்கையில போடுறேன்" என்றார்.

நான் போன் போடவில்லை. நீ வந்து, படுக்கையில் கிடக்கிறவர் கையில் பேனா கொடுத்து எழுதி வாங்குகிறோம் என்று கத்துவாய் என்று பெனோ அப்பா பயந்தார். அவர் தலையில் போட மாட்டேன், நானும்தான் பயந்தேன். நாளைக்கு மனசு மாறிப் போட்டுவிடுவார் என்று நினைத்தோம். எட்டாம் தேதி காலையில், "கெளம்பிருச்சா?" என்று கேட்டார். "கெளம்பிட்டாப்பா, பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கா" என்றேன். மத்தியானம் கேட்டார். திண்டுக்கல் தாண்டிவிட்டாய் என்றேன். சாயங்காலமும் கேட்டார். விடியற்காலையில் இறந்துபோனார்.

உன்னைக் கூப்பிட்டிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். இந்த எட்டு மாதமே இருந்திருக்காது. அதைவிட, நீ வந்திருப்பாய்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

பெல்சி


கோயம்புத்தூர்
5.11.2024

பெல்சி,

கடிதம் கிடைத்தது.

பதிவான விடுதலைப் பத்திரத்தை, எழுதிக் கொடுத்தவர் தானாக ரத்து செய்ய முடியுமா என்று சட்ட ஆசிரியையிடம் கேட்டேன். முடியாதாம். வாங்கியவரும் சேர்ந்து வர வேண்டுமாம், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டுமாம். கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் கேட்டேன். கேட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திண்டுக்கல் என்று நீ சொன்னபோது மணி என்ன? எனக்குப் போன் போடு என்பதைக் கண்ணாடியைக் கழற்றிய பிறகு சொன்னாரா, போட்டுக்கொண்டே சொன்னாரா? ஏழாம் தேதியிலிருந்து அவர் என் பெயரைச் சொன்ன ஒவ்வொரு முறையும் என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதி அனுப்பு. ஆனந்த் நினைப்பது வேண்டாம். நீ அப்போது நினைத்ததும் வேண்டாம். அவர் சொன்னதை மட்டும் எழுது.

ரீனா